டிராக்டர்களில் எண்ணெய் ஒழுக்கு: காரணமறிதலும் பரிகாரமும்

மேட்டூர் அணை, வழக்கமான தேதியாகிய ஜூன் 12-லோ, நீர் இருப்புக்கேற்பச் சற்றுப் பின்னரோ திறக்கப்பட்டு, ஜலம் வாய்க்கால்களில் வந்து சேர்ந்தவுடன், காவிரிப் பாசனப் பிரதேசத்தில் சேற்றுழவு எல்லாக் கிராமங்களிலும் ஏக காலத்தில் ஆரம்பமாகின்றது. அச்சமயத்தில் ஒரு டிராக்டர் நான்கு நாள் பட்டறையில் நின்றுவிடின் நாற்றின் வயது முற்றிவிடும். வாடகைக்கு வேறு யந்திரம் கிடைப்பதும் அரிது. அவ்வாறு நிற்கும் யந்திரங்களுள் சில திடீரென்று கெட்டவை அல்ல. பல வாரங்களாகச் சொட்டிக்கொண்டிருந்த எண்ணெயை அசட்டை செய்ததன் பயனாகக் கெட்டவையே.

சொட்டுத்தானே என்று எண்ணுதல் தவறு. விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகுமாயின், 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டு கணக்கிட, 10 மணி நேர வேலையில் 1.8 லிட்டர் நஷ்டமாகும். நடுத்தர டிராக்டர்களின் எஞ்சின் கொள்ளும் எண்ணெய் பெரும்பாலும் 6 முதல் 8 லிட்டர் வரையே. ஆகவே ஒரே நாளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது. இந்நிலையில் அளவு பாராது ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து, எஞ்சினையே பிரிக்கும்படி நேரிடும்.

ஒழுகுவது எது?

முதலில் அறிய வேண்டியது ஒழுகும் பொருள் யாது என்பதே. இரவில் யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, அதன் அடியில் அட்டையோ பழைய காகிதமோ விரித்து, காலையில் கறையைப் பார்க்க வேண்டும். கறுத்து, வழவழப்பாயிருப்பது எஞ்சின் எண்ணெய். தேன் நிறமாயிருப்பது கியர் பெட்டியிலிருந்தோ, ஹைட்ராலிக் பாகத்திலிருந்தோ வருவது. டீசல் மெல்லியதாய் விரைவில் பரவும், வாசனையாலும் அறியலாம். பச்சை அல்லது ரோஜா நிறமுள்ள நீர் ரேடியேட்டரைச் சேர்ந்தது. இதில் கலக்கும் கிளைக்கால் என்னும் மருந்து இனிப்புச் சுவையுள்ள விஷமாதலால், நாய்களும் கால்நடைகளும் நக்காதபடி உடனே கழுவிவிடுக.

எண்ணெய் குறைவதேயன்றிக் கூடுவதும் நோயின் குறியாகும். எஞ்சினின் அளவுக்கோலில் மட்டம் உயர்ந்து டீசல் வாசனை வீசினால், எரிபொருள் பம்பின் உட்புறத்தில் ஒழுக்கு உண்டென்று கொள்க. எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால் ஜலம் கலந்துள்ளது. இவ்விரு நிலைமைகளிலும் யந்திரத்தை ஓட்டலாகாது.

ஒழுக்கின் பிறப்பிடம்

சொட்டு விழும் இடமும் ஒழுக்குப் பிறக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாயிரா. எண்ணெய் கீழ்நோக்கி வழிவதோடு, விசிறிக் காற்றினால் பின்னோக்கியும் தள்ளப்படுகிறது. ஆகவே ஈரமான இடங்களில் எது மிக மேலேயும் மிக முன்னேயும் உள்ளதோ அதுவே பிறப்பிடமாகும்.

இதைக் காண, எஞ்சின் ஆறியபின் அழுக்கை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷினால் கழுவித் துடைத்து உலரவிடுக. பின்பு ஐயமுள்ள இடங்களில் சாக்குக் கட்டித் தூளை மெல்லத் தூவி, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட்டி நிறுத்திப் பார்த்தால், முதலில் ஈரம் கண்ட கோடு தூளின்மேல் தெளிவாய்த் தெரியும்.

இச்சிறு சோதனையை விடுவதால் வரும் பெருஞ்செலவுக்கு ஓர் உதாரணம் கூறலாம். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவிலுள்ள கிளட்சு உறையிலிருந்து எண்ணெய் சொட்டினால், கிராங்கு ஷாப்டின் பின்புற ஆயில் சீல் போயிற்றென்று உடனே தீர்மானிப்பதுண்டு. அந்த சீலை மாற்ற டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். சீலின் விலை அற்பமாயினும் கூலியும் காலமும் பெரிது. ஆனால் எஞ்சினின் உச்சியிலுள்ள வால்வு மூடியின் கேஸ்கட்டில் பிறந்த ஒழுக்கும், பின்புறமாக வழிந்து அவ்விடத்திலேயே வந்து சொட்டக்கூடும். அதற்கு வேண்டியது ஒரு புது கேஸ்கட்டும் ஒரு மணி நேரமும் மாத்திரமே.

உறையின் உள்ளிருந்தே எண்ணெய் வருவது உறுதியானால் நிறத்தைக் கவனிக்க. கறுப்பாயின் பின்புற ஆயில் சீலிலும், தேன் நிறமாயின் கியர் பெட்டியின் முன் ஷாப்டு சீலிலும் குற்றம் இருக்கலாம். உறையின் அடியில் இதற்கென விட்டுள்ள துவாரத்தைச் சில மாதிரிகளில் சேற்றுழவின்போது திருகாணியால் அடைப்பதுண்டு. உழவு முடிந்ததும் அதைக் கழற்றிவிடுதல் அவசியம். இல்லையேல் எண்ணெய் உள்ளே தேங்கி, உலர்ந்திருக்க வேண்டிய கிளட்சுத் தட்டு நனைந்து வழுக்கும்.

பழுதுபார்க்கும் வரிசை

எளியதை முதலிற் செய்து, கடினமானதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1. எண்ணெய் மட்டம் மேற்கோட்டைத் தாண்டியிருந்தால் குறைக்க. அளவுக்கு மிஞ்சி ஊற்றுவதும் ஒழுக்குக்குக் காரணமாகும்.

2. பிரீதர் என்னும் மூச்சுக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்க. இது சேற்றினாலோ தூசியினாலோ அடைபட்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து, நல்ல சீல்களின் வழியாகவும் எண்ணெய் வெளிப்படும். இதைப் பாராமல் சீலை மாற்றுவோர் மறுபடியும் மாற்ற நேரிடும்.

3. தளர்ந்த போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாய் முடுக்குக. அதிகமாய் முடுக்கினால் மூடி வளைந்து ஒழுக்கு மிகும், மரையும் அழியும்.

4. வடிகால் திருகாணிக்கும் டீசல் குழாய் மூட்டுகளுக்கும் புதுச் செம்பு வாஷர் போடுக. அவசரத்திற்குப் பழையதையே சிவக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்தினால் இளகி மீண்டும் பயன்படும்.

5. கேஸ்கட் மாற்றுமுன் இரு பரப்புகளிலும் ஒட்டியுள்ள பழைய துணுக்குகளைக் கீறல் படாமல் சுரண்டி எடுக்க.

6. ஆயில் சீலைப் பொருத்துகையில் சுருள்கம்பியுள்ள முகம் எண்ணெய்ப் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவி, சீலின் விளிம்பிற்கேற்ற குழாய்த் துண்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குக. ஷாப்டில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். அப்பள்ளத்தைச் சரிசெய்தல் வேண்டும்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுவதும், டீசல் தொட்டியின் சிறு துளையில் சோப்பைத் தேய்ப்பதும் வழக்கத்தில் உள்ளன. இவை வீடு வந்து சேரும்வரை உதவக்கூடியவை மாத்திரமே. தூள் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடுமாதலால் பின்னர் முழுதும் கழுவுதல் வேண்டும். சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது.

சேற்றுழவு முடிந்தபின்

வைக்கோலும் நைலான் கயிறும் அச்சைச் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அறுக்கின்றன. அவ்வழியாக எண்ணெய் வெளியேறுவதோடு சேறும் உட்புகுகின்றது. நாள்தோறும் வேலை முடிந்ததும் சக்கரங்களின் உட்புறத்தைக் கழுவி, சுற்றியவற்றை அறுத்தெறிய வேண்டும். உலர் பிரேக்குள்ள பழைய மாதிரிகளில் பின் அச்சின் சீல் ஒழுகினால் பிரேக்கு நனைந்து பிடிக்காமற் போகும். நெல் மூட்டை ஏற்றிய டிரெயிலருடன் வரப்புப் பாதையிலோ பாலத்திலோ இறங்கும்போது இது உயிருக்கே அபாயமாகும்.

ஹைட்ராலிக் குழாய்களைப் பற்றிய எச்சரிக்கை

ஹைட்ராலிக் எண்ணெய் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்வதுண்டு. ஊசித் துளை வழியே பீறிடும் எண்ணெய் கண்ணுக்குப் புலப்படாமலே தோலைத் துளைத்து உட்செல்லும். ஆகையால் ஒழுக்கைக் கையினால் தடவித் தேடுதல் ஒருபோதும் கூடாது. அட்டைத் துண்டைப் பிடித்தே பார்க்க வேண்டும். டீசல் இன்ஜெக்டர் குழாய்களுக்கும் இவ்விதியே பொருந்தும். காயம் முள் குத்தியதுபோல் சிறிதாய்த் தோன்றினும், தாமதமின்றி ரண சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிக்குச் செல்க. தாமதத்தால் கையையே இழக்க நேரிடலாம். பழுதுபார்க்குமுன் கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, கைப்பிடியை அசைத்து அழுத்தத்தை நீக்குக. வெடித்த குழாயை ட்யூபினால் சுற்றிக் கட்டாமல் புதியதே மாற்ற வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

கூட்டுறவுச் சங்கங்கள் முதலியவற்றின் மூலம் வாடகைக்கு விடப்படும் டிராக்டர்கள் பல கைகளில் பழகுவதால், ஒழுக்கை எவரும் தம் பொறுப்பாகக் கருதுவதில்லை. தினமும் ஊற்றிய எண்ணெயின் அளவையும், ஓடிய மணி நேரத்தையும் ஒரு புத்தகத்தில் குறித்துவரச் செய்தால், எந்த வாரத்தில் செலவு கூடியதென்பது உடனே விளங்கும். கழிவு எண்ணெயை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டாமல், டப்பாவில் சேர்த்து உரிய இடத்தில் ஒப்படைக்கும்படியும் செய்ய வேண்டும்.

தண்ணீர் வருவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே யந்திரத்தைக் கழுவி, தூள் தூவிப் பரிசோதித்து, வேண்டிய வாஷர்களையும் சீல்களையும் வாங்கி வைத்துக்கொள்ளும் விவசாயிக்கு, நடவுக் காலத்தில் பட்டறை வாசலில் காத்திருக்கும் துன்பம் பெரும்பாலும் நேராது.