வாயின் உட்சுவர்

நம் வாயின் உட்புறம் எப்போதும் ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதை அனைவரும் அறிவோம். ஒரே தோல் போலத் தோன்றும் அப்பரப்பை நுண்ணோக்கியின் வழியே காணும்போது, அது பல அடுக்குகளால் ஆனது என்பது புலனாகும்.

மேலே அமைந்திருப்பது மேற்படலம். செங்கற்சுவரைப் போல உயிரணுக்கள் இதில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அடிவரிசை உயிரணுக்கள் பிரிந்து புதியவற்றைத் தோற்றுவிக்கின்றன. அவை மேல்நோக்கித் தள்ளப்பட்டு, படிப்படியாகத் தட்டையாகி, இறுதியில் உதிர்ந்து உமிழ்நீரில் கலக்கின்றன. உண்ணும்போது கன்னத்தைக் கடித்துக்கொண்டால், அப்புண் சில நாள்களில் ஆறுவதற்கு இப்புதுப்பித்தலே துணைபுரிகிறது.

இச்சுவர் எங்கும் ஒரே தன்மையுடையதன்று. மெல்லும்போது உராய்வு மிகுந்த ஈறுகளையும் மேலண்ணத்தின் முற்பகுதியையும், நகத்தில் உள்ளது போன்ற 'கெராட்டின்' என்னும் கடினப் புரதம் கவசமாக மூடியுள்ளது. கன்னத்தின் உட்புறத்திலும் நாவின் அடியிலும் அக்கவசம் இல்லை. கன்னத்தின் மேற்படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது. நாவின் அடியிலோ அது மேலும் மெல்லியது.

மேற்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதன் கீழுள்ள இணைப்புத் திசுவில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நார்களும் நிறைந்துள்ளன. அங்கிருந்து ஊறிவரும் சத்தைக் கொண்டே மேற்படலம் வாழ்கிறது.

தோட்டங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் வெற்றிலைப் பழக்கத்தை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றை நாம் அடக்கி வைப்பது கவசமற்ற அக்கன்னத்தில்தான். பாக்கு, இணைப்புத் திசுவின் நார்களைப் பெருக்கி இறுகச் செய்கிறது. நாளடைவில் வாயை முழுமையாகத் திறக்க இயலாது போகும். அடிவரிசை உயிரணுக்கள் ஒழுங்கிழந்து பெருகி, கீழே ஊடுருவினால் அதுவே புற்றுநோய். புகையிலை கலவாத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியுள்ளது.

துடைத்தாலும் நீங்காத வெண்திட்டு, செந்திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் திறப்பதில் இறுக்கம் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். தொடக்கத்தில் வலி இல்லாமலும் இருக்கலாம். எனவே, வலி வரட்டும் எனக் காத்திராமல் பல் மருத்துவரை நாடுதல் வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.

மாணவச் செல்வங்களே! இதனை இல்லத்தில் தாத்தா பாட்டிக்கும் பெற்றோருக்கும் படித்துக் காட்டுங்கள். கண்ணாடி முன் நின்று வாயினுள் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு உதவுங்கள். அதுவே இப்பாடத்தால் நாம் பெறும் பயனாகும்.