சாணைச் சக்கரத்திலிருந்து சார்ஜர் வரை

கந்தக பூமி என்று பெயர் வாங்கிய விருதுநகர் மாவட்டத்து வெயில் மனிதரை மட்டுமா வாட்டியது? டிரான்சிஸ்டர் ரேடியோவையும்தான். அறுபதுகளின் செட்டுகளுக்குள் இருந்தது ஜெர்மானியம். சூடு ஏறினால் அதில் மின்சாரம் கட்டுக்கடங்காமல் கசியும். 80, 90 டிகிரியிலேயே அதன் கதை முடிந்துவிடும். வெயிலில் கரகரத்த செட்டுக்கு முதல் வைத்தியம், நிழலுக்கு எடுத்து வருவது.

சிலிக்கான் அந்தக் கவலையைத் தீர்த்தது. 1954-ல் அமெரிக்காவில் கார்டன் டீல் என்ற ஆய்வாளர் அதை நிரூபித்த விதம் அலாதி. பாடிக்கொண்டிருந்த ரெக்கார்ட் பிளேயரின் ஜெர்மானிய டிரான்சிஸ்டரைச் சூடான எண்ணெயில் முக்கினார், பாட்டு நின்றது. சிலிக்கானை மாட்டி முக்கினார், பாட்டு நிற்கவேயில்லை.

அதே 1954-ல்தான் சென்னையில் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் பிறந்தது. சாணைச் சக்கரம், உப்புத்தாள் வகையறா செய்யும் கம்பெனி. அந்தத் தொழிலின் மூலப்பொருள்களில் ஒன்று சிலிக்கான் கார்பைடு. இரும்பைத் தேய்க்கப் பயன்பட்ட அதே பொருள் இன்று மின்சாரக் காரின் இன்வெர்ட்டருக்குள் டிரான்சிஸ்டராக உட்கார்ந்திருக்கிறது.

பொருள் அதேதான், பக்குவம் வேறு. சாணைக்குத் தூள் போதும். சிப்புக்குப் பழுதில்லாத ஒற்றைப் படிகம் வேண்டும். சிலிக்கானை உருக்கி, படிகமாக இழுத்துவிடலாம். சிலிக்கான் கார்பைடையோ 2000 டிகிரிக்கு மேல் ஆவியாக்கிப் படியவைக்க வேண்டும். மணிக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிய காரியம். சிலிக்கானைவிட விலை கூடுதலாக இருப்பது இதனால்தான். ஆனால் சிலிக்கான் தாங்கும் மின்னழுத்தத்தை, அதன் தடிமனில் பத்தில் ஒரு பங்கிலேயே சிலிக்கான் கார்பைடு தாங்கும். தடிமன் குறைந்தால் மின்தடை குறையும், சூடாக வீணாவதும் குறையும். நம்மூர் வெயிலில் நாளெல்லாம் நிற்கும் சோலார் இன்வெர்ட்டருக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டுக்குள் சார்ஜராக வந்திருப்பது இன்னொரு பொருள், காலியம் நைட்ரைடு. பேட்டரிக்குப் பதிலாக ரேடியோவுக்கு மின்சாரம் தந்த அன்றைய எலிமினேட்டரில் இரும்புத் தகடும் செம்புக் கம்பியுமாக ஒரு டிரான்ஸ்பார்மர், நொடிக்கு 50 சுற்று மின்சாரத்தில் ரீங்கரித்துக்கொண்டே சுடும். காலியம் நைட்ரைடோ நொடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தும். வேகம் கூடினால் டிரான்ஸ்பார்மர் சிறுத்துவிடும். அதனால்தான் 65 வாட் சார்ஜர் சில சிவகாசித் தீப்பெட்டிகளின் அளவுக்குள் அடங்குகிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. எலிமினேட்டர் செத்தால் ரேடியோக் கடையில் டயோடு மாற்றிப் பிழைக்க வைத்துவிடுவார்கள். இந்தச் சார்ஜரோ வாய் ஒட்டிய பெட்டி, உடைத்தால்தான் திறக்கும். உடைத்தாலும், உள்ளே இருக்கும் சிப்பைச் சாதாரண சால்டரிங் கம்பியால் கழற்றி மாட்டுவது நடக்கிற காரியமில்லை.