ஒன்றரை லிட்டரில் 1,300 குதிரை! டர்போ செய்யும் வித்தை தெரியுமா?

அம்பாசிடர் காரின் 1,489 சி.சி. இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் தந்தது தெரியுமா? ஏறத்தாழ 50. அந்த ஐம்பதை வைத்துக்கொண்டுதான் மந்திரிகளும் மாப்பிள்ளைகளும் ஊர் சுற்றினார்கள். இன்று இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் வெர்னா டர்போவின் 1,482 சி.சி. இன்ஜின் 160 தருகிறது. சரி, 1986-ல் பார்முலா ஒன் தகுதிச் சுற்றுகளில் ஓடிய பி.எம்.டபிள்யூ.வின் 1,499 சி.சி. இன்ஜின்? 1,300-க்கு மேல் என்கிறார்கள்! மூன்றுமே ஒன்றரை லிட்டர். மூன்றிலுமே நான்கு சிலிண்டர்தான்.

இன்னும் வியப்பு, அந்த 1,300-ன் இரும்பு பிளாக்கின் பூர்வீகம். சாதாரண ரோட்டுக் கார்களுக்காக வார்த்த பிளாக் அது! புது வார்ப்பைவிட, சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளிறுக்கமெல்லாம் தளர்ந்த பழைய வார்ப்பே மேல் என்று தேடிப் பிடித்தார்கள். 1983-ல் பந்தய வீரர் நெல்சன் பிக்கே இந்த வகை இன்ஜினோடுதான் உலகப் பட்டம் வென்றார். டர்போ காரில் ஓட்டுநர் ஒருவர் வென்ற முதல் பார்முலா ஒன் உலகப் பட்டம் அதுதான். ஆனால் 1,300 தந்த தகுதிச் சுற்று இன்ஜினின் ஆயுள் சில சுற்றுகளே. பாலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர வேண்டிய காருக்கு அது சரிப்படுமா? ஐம்பதுக்கும் ஆயிரத்து முந்நூறுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதில்தான் ரோட்டு வண்டிக்கு டர்போ இன்ஜின் கட்டுபவரின் சாமர்த்தியமே இருக்கிறது.

பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வீணாகப் போகிறது. அந்தப் புகையை ஒரு சக்கரத்தின் மேல் பாய்ச்சி, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைச் சுழலவிட்டு, அதைக்கொண்டு காற்றை இன்ஜினுக்குள் திணித்தால்? அதுதான் டர்போ. இந்த யோசனைக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி காப்புரிமை வாங்கியது 1905-ல்! அது கார் கடைக்கு வர 1962 ஆனது. அந்த ஆண்டில் வந்த அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காருக்கு பெட்ரோல் மட்டும் போதாது; தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். பலர் மறந்தார்கள். வண்டியும் அதிக நாள் விற்கவில்லை.

அந்தத் தண்டு சுழலும் வேகம் தெரியுமா? சிறிய கார் டர்போவில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று! நொடிக்கு மூவாயிரத்துக்கு மேல்! சக்கரத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால் அதன் விளிம்பு நொடிக்கு 520 மீட்டர் ஓடுகிறது. ஒலியைப்போல ஒன்றரை மடங்கு! ஒரு பக்கம் 900 டிகிரிக்கு மேல் கொதிக்கும் புகை, சில அங்குலம் தள்ளி மறுபக்கம் காற்று, நடுவில் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். அவ்வளவுதான். சூடான வண்டியைச் சட்டென்று ஆஃப் செய்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, உள்ளே இருப்பது கரியாகிவிடும். பழைய லாரி டிரைவர்கள் மேடு ஏறி வந்ததும் கொஞ்ச நேரம் ஸ்லோவில் ஓடவிட்டுச் சாவியைத் திருப்புவது இதனால்தான்.

காற்றுக் கணக்கைக் கேட்டால் மயக்கமே வரும். ஒன்றரை லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 4,500 லிட்டர் காற்றை இழுக்கிறது. டர்போ அதன் மேல் இன்னொரு வளிமண்டல அழுத்தத்தை (அதுதான் பூஸ்ட்) ஏற்றினால் கணக்குக்கு 9,000 லிட்டர். கோடையில் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி ஒன்றை ஒவ்வொரு நிமிடமும் மூச்சாக உள்ளிழுப்பது மாதிரி!

இந்தக் காற்றின் சூட்டுக் கணக்கில்தான் கணியம்பாடி வருகிறது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். வேலூர் வெயில் ஊரறிந்தது. சித்திரையில் நிழலிலேயே 42 டிகிரி என்று வையுங்கள். அந்தக் காற்றை இரட்டை அழுத்தத்துக்கு அமுக்கினால் எவ்வளவு சூடாகும்? நடைமுறை டர்போவில் 140 டிகிரியைத் தொடும்! சூடான காற்று லேசானது, ஆக்சிஜன் குறைவு. நடுவில் இன்டர்கூலர் வைத்து 60 டிகிரிக்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் கால்பங்கு காற்று கூடுதலாக உள்ளே போகும். கணியம்பாடியில் இன்ஜினியரிங் கல்லூரியே இருக்கிறது. மாணவர்கள் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். ஊட்டியில் அருமையாக ஓடிய ட்யூனிங் இந்தச் சாலையில் பிஸ்டனைப் பொத்தல் போடலாம். ஐரோப்பாவிலிருந்து வாங்கிய ட்யூனிங் மேப்பை அப்படியே ஏற்றுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது.

பொத்தல் போடுவது யார்? நாக்கிங்! பிளக் பொறி வைத்துத் தீ பரவுவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்துவிடுகிறது. உலோகம் நொடிக்கு ஆறேழாயிரம் தடவை அதிர்கிறது. பிளாக்கில் திருகியிருக்கும் நாக் சென்சார் அந்த அதிர்வைக் காது கொடுத்துக் கேட்டு, பொறியைத் தாமதப்படுத்தச் சொல்கிறது. நல்ல ஆக்டேன் பெட்ரோலும் காக்கும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. ஆனால் எல்லா ஊர் பங்க்கிலும் கிடைக்காது. எந்தப் பங்க்கிலும் கிடைக்கும் பெட்ரோலுக்கு ட்யூன் செய்த வண்டிதான் வீடு திரும்பும்.

இனி இன்ஜினுக்குள் எட்டிப் பார்ப்போமா? எரிப்பின் உச்சத்தில் ஒரு பிஸ்டனின் தலையில் விழும் பாரம் ஏறத்தாழ 4 டன்! 6,000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 50 தடவை! வார்ப்பு பிஸ்டன் ஓரளவு தாங்கும். அதற்கு மேல், அழுத்தி அடித்துச் செய்த போர்ஜ்டு பிஸ்டன்தான். பூஸ்ட்டைக் கூட்டும்போது பிஸ்டன் ரிங்கின் முனை இடைவெளியையும் கூட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது! சூட்டில் ரிங் நீளும். இடைவெளி போதாவிட்டால் இரு முனையும் முட்டி, பிஸ்டனின் ரிங் பள்ளத்தையே பெயர்த்துவிடும். அட்டைக் கனத்தில் ஒரு சந்து. அதற்காக ஒரு இன்ஜினே போகும்!

கனெக்டிங் ராடு எப்போது வளையும்? உச்ச வேகத்தில் என்றுதான் எல்லோரும் நினைப்போம். இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறில், டாப் கியரில், முழு பூஸ்ட்டையும் அள்ளிக் கொடுக்கும்போது வளைந்த ராடுகள் ஏராளம். புத்திசாலி ட்யூனர் அந்த இடத்தில் பூஸ்ட்டைக் குறைத்து, மேலே போகப் போக ஏற்றுவார். முதுகில் அறைகிற பிக்கப் கொஞ்சம் போகும், பிளாக்கில் ஓட்டை விழாது.

300 குதிரைக்கு பெட்ரோல் எவ்வளவு? முழு மிதியில் மணிக்கு ஏறத்தாழ 100 லிட்டர்! பழைய பம்ப்பும் இன்ஜெக்டரும் அதைக் கொடுக்க முடியாமல் திணறினால் கலவையில் காற்று மிகுந்து, பிஸ்டன் உருகும். சாதாரண ஓட்டத்தில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல்; முழு பூஸ்ட்டில் ட்யூனர்கள் 12 பங்குக்கும் கீழே இறக்குவார்கள். கூடுதல் பெட்ரோல் எரிய அல்ல, ஆவியாகிச் சூட்டைத் தணிக்க! அது பங்க்காரருக்குத்தான் லாபம் என்று சலித்துக்கொள்ளலாம். தண்ணீர் ரேடியேட்டர், எண்ணெய்க் கூலர், இன்டர்கூலர் எல்லாம் பார்த்தாயிற்றா? பிறகுதான் பெரிய டர்போ. நம்மூரில் பலர் டர்போவை முதலில் வாங்கிவிட்டு, மற்றதை வண்டி நடுரோட்டில் நின்ற பிறகு யோசிக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள்! டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாயில் அழுத்தம் கிடையாது, தன் எடையிலேயே வழிந்து இறங்க வேண்டும். அந்தக் குழாய் கொஞ்சம் மடங்கினால் எண்ணெய் தேங்கி சீல் வழியே கசியும், நீலப் புகை வரும். டர்போ போச்சு என்று கழற்றிப் புதிது போடுவார்கள். அதுவும் புகையும்!

மலைக்கு வருவோம். கணியம்பாடியிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறினால் காற்று மெலிகிறது. ஜவ்வாது மலையிலேயே இருக்கும் காவலூர் வானாய்வகத்தின் உயரம் 725 மீட்டர். அந்த உயரத்தில் டர்போ இல்லாத இன்ஜின் நூற்றுக்கு ஏழு பங்கு வலுவை இழக்கும். டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று அதை ஈடுகட்டிவிடும்! 1918-லேயே ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு விமான இன்ஜினை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு, 14,000 அடிக்கு மேல், லாரியில் ஏற்றிச் சோதித்தார். தரையில் 350 குதிரை தந்தது அங்கே 230-க்கு இறங்கியது. டர்போ மாட்டியதும் 356!

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்தீர்களா? 1982-ல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனத்தின் ஆலை, பழைய வேலூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், சோளிங்கர் பக்கம் புலிவலத்தில் இருக்கிறது! ஒரகடம் ஆலையில் தயாரான நிசான் மேக்னைட்டின் ஒரு லிட்டர் டர்போ இன்ஜினில், சிலிண்டர் சுவருக்குக் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சு கொடுத்திருக்கிறார்கள். உராய்வைக் குறைக்கும் அந்த நுட்பம் எந்தக் காரிலிருந்து வந்தது தெரியுமா? நிசானின் உச்ச வேகக் கார் ஜி.டி.ஆரிலிருந்து!

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தப்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு வண்டிக்கு அல்ல, ஒரு மாற்றத்துக்கு! டர்போ, இன்டர்கூலர், சைலன்சர் என்று ஆர்.டி.ஓ. விரல் விட்டு எண்ணத் தொடங்கினால் பர்ஸ் காலி. மிதித்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. வெர்னா தயாராகும் அதே ஊரில்தான்!