வெந்த ஆப்பிளும் விடாத அலர்ஜியும்

ஏப்ரல் பிறந்தால் வியன்னாவில் பிர்ச் மரங்கள் பூத்துவிடும். வால்போலத் தொங்கும் மஞ்சள் சரங்கள்தான் பூ. காற்று லேசாக அசைத்தாலே மகரந்தம் மாவாகக் கொட்டும். அலர்ஜி உள்ளவர்களுக்குத் தும்மலும் கண்ணெரிச்சலும் ஆரம்பம்.

அவர்களில் பலருக்கு ஆப்பிளைக் கடித்தாலும் உதடு, நாக்கு, தொண்டையெல்லாம் அரிக்கும். சரியாக வேகாத சேனைக்கிழங்கைத் தின்றதுபோல. ஆனால் சேனை யாரையும் விடாது. ஆப்பிள் ஆள் பார்த்துத்தான் அரிக்கிறது.

பிர்ச்சும் ஆப்பிளும் வெவ்வேறு தாவரக் குடும்பங்கள். ஆனாலும் பிர்ச் மகரந்தத்தில் உள்ள ‘பெட் வி 1’ என்ற புரதமும் ஆப்பிளின் ‘மால் டி 1’ புரதமும் ஒரே ஜாடை. முன்னதன் மரபணுவை 1989-இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். மகரந்தத்துக்காக உடல் தயாரித்த ஐஜிஇ எதிர்ப்புரதங்கள் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களின்மேல் காத்திருக்கின்றன. ஆப்பிள் புரதம் வந்து அவற்றில் மாட்டினால், மகரந்தம் என்றே நினைத்து மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். அதுதான் அரிப்பு.

அதே ஆள் ஆப்பிளை வேகவைத்துச் சாப்பிட்டால் வாய் அரிக்காது. சூட்டில் புரதத்தின் மடிப்பு குலைந்துபோகிறது. ஐஜிஇ தேடும் முகம் அங்கே இல்லை. ஆகவே பிரச்சினை தீர்ந்தது என்றுதான் தோன்றும்.

தீரவில்லை. டி செல்கள் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவற்றுக்கு முகம் தேவையில்லை. வேறு செல்கள் புரதத்தைத் துண்டாக நறுக்கி நீட்ட, அந்தத் துண்டில் அமினோ அமிலங்கள் நிற்கும் வரிசையைத்தான் பார்க்கின்றன. கதம்பச் சரத்தைப் பந்தாகச் சுருட்டினாலும் பிரித்து நீட்டினாலும் மல்லிக்கு அடுத்துக் கனகாம்பரம்தானே? அடுப்பில் வைத்தாலும் புரதச் சரத்தின் வரிசை அப்படியேதான் இருக்கிறது. பிர்ச்சுக்கும் ஆப்பிளுக்கும் வரிசையிலும் பாதிக்கு மேல் ஒற்றுமை உண்டு.

2006-இல் வியன்னா ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். பிர்ச் அலர்ஜியோடு கரப்பான் என்ற தோல் அழற்சியும் உள்ளவர்களுக்கு வெந்த ஆப்பிள், காரட், செலரி கொடுத்தார்கள். வாய் அரிக்கவில்லை, ஆனால் டி செல்கள் கிளறிவிட, கரப்பான் மோசமானது. கரப்பான் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆப்பிள் பணியாரத்தை ஒதுக்க வேண்டியதில்லை.

டி செல்கள் நிதானக்காரர்கள். மாஸ்ட் செல்லுக்கு நிமிடங்கள் போதும். இவை வேலையைக் காட்டப் பல மணி நேரமோ, ஒரு நாளோகூட ஆகும். முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர் புதுச் சோப்பைச் சந்தேகிப்பார், சட்டைத் துணியைச் சந்தேகிப்பார். நேற்று மத்தியானம் சாப்பிட்ட ஆப்பிள் நினைவுக்கே வராது.