மாவில்லாத மக்ரூன்

தூத்துக்குடி போய்விட்டு மக்ரூன் பொட்டலம் இல்லாமல் விளாத்திகுளம் திரும்பினால் வீட்டில் வரவேற்பு இருக்காது. அந்தக் கூம்புக்குள் என்னதான் இருக்கிறது? முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. மூன்றே பொருள், மைதா கிடையாது. அதனாலேயே மாவுப் பலகாரம் விலக்கும் பஸ்கா பண்டிகையில் யூதர்களும் பாதாம், தேங்காய் மக்ரூன் செய்கிறார்கள். நம் முந்திரியோ பிரேசில் மரம். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டு வந்தது.

வீட்டிலேயே செய்யலாம். 3 வெள்ளைக்கருவை நுரை பொங்க அடியுங்கள். 200 கிராம் பொடித்த சீனியைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேருங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் நுரை விழக்கூடாது. 150 கிராம் முந்திரித் தூளை மெதுவாகக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் பிழியுங்கள். ஓவனில் 110 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம். பிறகு அதற்குள்ளேயே ஆறட்டும்.

நுரை எப்படி நிற்கிறது? வெள்ளைக்கருவின் புரதம் காற்றுக் குமிழைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறது. கொழுப்பு பட்டால் சுவர் இடியும். முதல் தடவை ஒரு சொட்டு மஞ்சள்கரு விழ, "ஒரு சொட்டுதானே, என்ன ஆயிரும்"னு அரை மணி நேரம் அடித்தேன். கை வலித்ததுதான் மிச்சம். நல்லவேளை, சீனி போடவில்லை, ஆம்லெட் ஆயிற்று!

சூடு கூடினாலும் வம்புதான்: வெளியே சிவந்து, உள்ளே பிசுபிசுக்கும். சுட்டது வேகுவதற்கல்ல, காய்வதற்கு. ஆறியதும் டப்பாவில் இறுக மூடுங்கள். கடற்காற்றின் ஈரத்தைச் சீனி இழுத்துக்கொள்ளும்.

ஒர்க்ஷாப் பாடந்தான்: சுத்தம், அளவு, பொறுமை!