கரு வளர்ச்சிப் பாடம்: நம் பிள்ளைகளுக்கு விலக்கு வேண்டாம்

 

கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துடன் நமது அலுவலகத்துக்கு வரும் பெற்றோரில் சிலர் ஒரு கோரிக்கையையும் கொண்டு வருகிறார்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ‘தாவரங்கள் மற்றும் விலங்குகளில் இனப்பெருக்கம்’ என்று ஒரு பாடம் உள்ளது. கரு உண்டாவது, அது கருப்பையில் பதிவது, நஞ்சுக்கொடி, பிரசவம் எல்லாம் அதில் வருகின்றன. “வயதுக்கு வந்த பெண் பிள்ளை, பையன்களோடு உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டுமா? எங்கள் பிள்ளைக்கு விலக்குக் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள்” என்கிறார்கள்.

அப்படிக் கடிதம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம் நடத்தப்பட வேண்டும், ஒழுங்கான முறையில் நடத்தப்பட வேண்டும் என்பதே நமது கருத்து. அதற்கான காரணங்களை இங்கே விளக்குகிறோம்.

முதல் 28 நாட்கள்

கரு உருவான ஆறேழு நாட்களில் கருப்பையின் சுவரில் பதியத் தொடங்குகிறது. மூன்று வாரம் கடந்ததும் இதயம் துடிக்க ஆரம்பிக்கிறது. பிற்காலத்தில் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகிற நரம்புக் குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு போன்ற கடுமையான குறைகளோடு குழந்தை பிறக்கலாம். சில குழந்தைகள் பிழைப்பதே இல்லை. எட்டு வாரம் முடிவதற்குள் முக்கிய உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் போடப்பட்டு விடுகிறது. அப்போது கருவின் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர்தான்.

இப்போது நம் வீடுகளின் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப்போனால் “இன்னும் பத்து நாள் பார்ப்போம்” என்போம். உறுதியான பிறகும் “மூன்று மாதம் முடியட்டும், வெளியே சொல்ல வேண்டாம்” என்பார்கள் பெரியவர்கள். சுகாதாரத் துறையோ 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. நாம் மருத்துவமனைக்குப் போகும் நாளில் நரம்புக் குழாய் மூடி எத்தனையோ வாரங்கள் ஆகியிருக்கும்.

இந்தக் குறைகளில் பெரும் பகுதியைத் தடுக்க உதவுவது ஃபோலிக் அமிலம் என்ற எளிய சத்து. கருத்தரிக்க எண்ணும் காலத்திலிருந்தே, 12 வாரம் வரை, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதாவது, நிக்காஹ் முடிந்த பெண்ணுக்கு இந்த விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பம் உறுதியான பிறகு சொல்வது தாமதம்.

முன்பே எப்போது தெரிந்துகொள்வாள்? பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுப்பவள் இதை மறுபடி படிக்கப் போவதில்லை. பத்தாம் வகுப்போடு நிற்பவளுக்கும் வாய்ப்பில்லை. நம் பெண் பிள்ளைகளில் பலருக்குப் பத்தாம் வகுப்பின் இந்த ஒரு பாடமே முதலும் கடைசியும். அதற்கும் விலக்குக் கேட்டால் அவளுக்கு யார் சொல்லித் தருவார்கள்?

பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற மாத்திரையில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. “வயிறு குமட்டுகிறது” என்று அதைத் தூக்கி எறியும் பிள்ளைகள் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருக்கிறது. ஏன் தருகிறார்கள் என்பது புரிந்தால் மாத்திரை வயிற்றுக்குள் போகும்.

வாரக் கணக்கில் ஒரு குழப்பம்

அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலம் 2023-லும், டென்னசி மாநிலம் 2024-லும் கருவின் வளர்ச்சியைக் காட்டும் காணொளியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிச் சட்டம் கொண்டு வந்தன. அங்கே அது கருக்கலைப்பு பற்றிய அரசியல் சண்டையோடு கலந்துவிட்டது. அந்தச் சண்டையில் எழுந்த ஒரு மறுப்பு மட்டும் நமக்குப் பயன்படும். இதற்காக முன்வைக்கப்பட்ட ஒரு காணொளி கரு உருவான நாளிலிருந்து வாரங்களை எண்ணுகிறது; மருத்துவர்களோ கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் இரண்டு வார வித்தியாசம். மருத்துவர் சொல்லும் 280 நாள் என்பதும் மாதவிலக்குத் தேதியிலிருந்து எண்ணுவதே. எனவேதான் முதல் பரிசோதனையில் அந்தத் தேதியைக் கேட்கிறார்கள். அதைக் குறித்து வைக்கும் பழக்கத்தை நம் பெண் பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் கற்றுத் தர வேண்டும்.

மார்க்கம் மறைக்கச் சொல்கிறதா?

திருக்குர்ஆனின் ‘அல்முஃமினூன்’ அத்தியாயத்தில் 12 முதல் 14 வரையிலான வசனங்கள், மனிதன் தாயின் கருவறையில் நுத்ஃபா, அலக்கா, முழ்கா என்று கட்டம் கட்டமாகப் படைக்கப்படுவதைப் பேசுகின்றன. நாம் குர்ஆனை மருத்துவப் பாடநூலாக்க முற்படவில்லை. ஆனால் அல்லாஹ் சிந்திக்கச் சொல்லும் ஒரு விஷயம் அறியத்தகாத அசிங்கமாக இருக்க முடியாது.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி உண்டு. உம்மு சுலைம் (ரலி) அவர்கள் பெண்ணின் குளிப்புக் கடமை பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரடியாகவே கேட்டார்கள். அருகில் இருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வெட்கத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நபியவர்கள் கேள்வியைத் தடுக்கவில்லை. பதில் சொன்னார்கள், குழந்தை தாயின் சாயலில் பிறப்பதையே அதற்குச் சான்றாகவும் எடுத்துக்காட்டினார்கள்.

நம் நிஸ்வான் மதரஸாக்களில் ஹைளு, நிஃபாஸ், குஸ்ல் பாடங்களை உஸ்தாத்மார்கள் கண்ணியமாக நடத்துகிறார்கள். அதை நாம் யாரும் வெட்கக்கேடு என்பதில்லை. கரு கலைந்துவிட்டால் அதைக் குளிப்பாட்டி அடக்கம் செய்வது, தொழுகை நடத்துவது போன்றவற்றின் சட்டங்களுக்கும் கரு எத்தனை மாதம், உறுப்புகள் உருவாகியிருந்தனவா என்பது தெரிய வேண்டும். விவரங்கள் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் வேறுபடும். அவற்றை இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம். கேட்பதற்கே கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆண் பிள்ளைகளுக்கும் தேவை

நாளைக்குக் கணவனாகப் போகிறவனுக்கும் இது தெரிய வேண்டும். தொடர்ந்து பெண் குழந்தை பிறந்தால் மருமகளைக் குறை சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம் தந்தையிடமிருந்து வருகிறது. அதுவும் அல்லாஹ்வின் நாட்டப்படியே. இதைப் பதினைந்து வயதில் படித்த பையன், பின்னாளில் தன் மனைவியின் கண்ணீருக்குக் காரணமாக மாட்டான்.

நியாயமான கவலைகள்

பெற்றோரின் கவலையை நாம் தள்ளிவிடவில்லை. ஆசிரியர் கூச்சப்பட்டு “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று பக்கத்தைத் திருப்புவதும், பையன்கள் சிரித்துக் கேலி செய்வதும் பல இடங்களில் நடக்கிறது. அதன் பிறகு பிள்ளைகள் கைப்பேசியில் தேடுகிறார்கள். அங்கே கிடைப்பது பாடமல்ல.

ஆகவே பள்ளியிடம் நாம் கேட்க வேண்டியவை இவை:

1. மாணவிகளுக்குப் பெண் ஆசிரியரும், மாணவர்களுக்கு ஆண் ஆசிரியரும் இந்தப் பாடத்தைத் தனித்தனியாக நடத்த வேண்டும்.
2. ஆசிரியர் தயங்கினால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரையோ செவிலியரையோ அழைக்க வேண்டும்.
3. எந்த வாரத்தில் நடத்தப்படுகிறது என்பதைப் பெற்றோருக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடமுண்டு. அங்கே போய் நாகரிகமாகக் கேளுங்கள். ஒன்றாகக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

வீட்டில் தாய்மார்களும் அந்தப் பாடத்தை ஒருமுறை வாசியுங்கள். நான்கு பிள்ளை பெற்றவர்களுக்கும் அதில் புதிய செய்தி இருக்கும். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கு நிஸ்வான் மதரஸாவிலேயே ஒரு நாள் பெண் மருத்துவரைக் கொண்டு சொல்லித்தர நிர்வாகிகள் முன்வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

தாய் பலவீனத்தின் மேல் பலவீனமாகச் சுமந்தாள் என்று லுக்மான் அத்தியாயம் நினைவூட்டுகிறது. அந்தச் சுமையை ஏற்கப் போகும் நம் பெண் மக்களை, என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களாக அனுப்பி வைக்கலாமா?

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நம் தாய்மார்களுக்கு ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்