கடல் கடந்து போகும் பிள்ளை: தோட்டக் குடும்பங்கள் அறிய வேண்டிய சட்டம்

நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் வளர்ந்து நாற்பதைத் தாண்டியவர்கள் பலர், பழைய பிறப்புச் சான்றிதழின் பிரதியொன்றை வைத்துக்கொண்டு இலங்கைக்கு வந்து தாயைத் தேடுகிறார்கள். 1970களிலும் 80களிலும் கைக்குழந்தைகளாக மகவேற்பில், அதாவது தத்தாக, ஐரோப்பாவுக்குப் போனவர்கள் இவர்கள். பெற்ற தாய்மார் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களும் பால் வெட்டியவர்களும் அவர்களில் உண்டு. எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ ஒரு லயத்து வாசலில் இப்படி யாராவது வந்து நின்றால் என்ன பதில் சொல்வது? இன்று ஒரு பிள்ளையைத் தத்துக் கொடுப்பதென்றால் சட்டம் என்ன கேட்கிறது?

அன்று என்ன நடந்தது?

அந்த ஆண்டுகளில் சுமார் 11,000 குழந்தைகள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதாகக் கணக்கிடப்படுகிறது. ஏறத்தாழ 4,000 பேர் நெதர்லாந்துக்கும், 900 பேர் அளவில் சுவிட்சர்லாந்துக்கும் போனார்கள். வெளிநாட்டுத் தம்பதி கொழும்பிலோ கடலோர ஊரிலோ சில வாரம் தங்குவார்கள். தரகரோ சட்டத்தரணியோ குழந்தையைக் கொண்டுவந்து கொடுப்பார். போத்தல் பால் கரைக்கவும் குளிப்பாட்டவும் தாலாட்டவும் அந்த ஹோட்டல் அறையிலேயே பழகிக்கொள்வார்கள். மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளை கிடைத்ததும் விமானம் ஏறுவார்கள். பெற்றவளோ வெறுங்கையோடு பஸ் ஏறி ஊருக்குத் திரும்புவாள்.

சில வழக்குகளில் நீதிமன்றத்தில் தாயாக நின்றவளே வேறொருத்தி. கூலிக்குத் தாயாக நடித்த பெண்களும், கர்ப்பிணிகளை அடைத்துவைத்த ‘குழந்தைப் பண்ணை’களும் இருந்தன. அப்படி ஒரு பண்ணையில் 22 பெண்களும் 20 சிசுக்களும் கண்டுபிடிக்கப்பட்டதையடுத்து 1987இல் வெளிநாட்டு மகவேற்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 2017இல் நெதர்லாந்தின் ‘செம்ப்ளா’ தொலைக்காட்சி நிகழ்ச்சி இவற்றை மீண்டும் வெளிக்கொணர்ந்தபோது, அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன முறைகேடுகள் நடந்ததை ஒப்புக்கொண்டார். சுவிஸ் அரசாங்கம் 2020 டிசம்பரில் வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021 பெப்ரவரியில் வெளிநாட்டு மகவேற்பை இடைநிறுத்தியது. அதைப் படிப்படியாக முற்றாகக் கைவிட 2024இல் முடிவெடுத்தது.

தோட்டங்கள் ஏன் இலகுவாகச் சிக்கின?

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1973, 74இல் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களில் உயிர்களைப் பறித்தது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சப்ரகமுவத் தோட்டங்களைத் தமிழருக்கு எதிரான 1981 ஆகஸ்ட் வன்செயல் தாக்கியது. இரத்தினபுரி மாவட்டத்தில் பல குடும்பங்கள் லயங்களை விட்டு ஓடின. தாய்க்கோ தமிழ் மட்டும்தான் தெரியும். கையெழுத்துக் கேட்ட தாளோ சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்ப் பெயர் பதிவேட்டில் ஏறும்போதே உருமாறியதும் உண்டு. இன்று தேடி வருபவர்களை இடறிவிடுவதும் அந்த உருமாறிய பெயர்தான்.

இன்றைய சட்டம் என்ன?

1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டமே அடிப்படை. மகவேற்போருக்கு 25 வயதாகியிருக்க வேண்டும். பிள்ளையைவிட 21 வயதாவது மூத்திருக்க வேண்டும். நீதிமன்ற அனுமதியின்றி இதற்காகப் பணமோ பரிசோ கொடுப்பதும் வாங்குவதும் சட்டவிரோதம். 1992 திருத்தம் வெளிநாட்டவர் மீது கட்டுப்பாடுகளை இறுக்கியது. உள்நாட்டில் ஏற்க ஆளில்லாதபோதே பிள்ளை வெளியே போகலாம். நேரடியாகத் தாயிடமிருந்து வாங்க முடியாது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

1995இல் இலங்கை, நாடுகளுக்கிடையிலான மகவேற்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. அதன்படி தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பின்னரே பெறப்பட வேண்டும், காசு கொடுத்துப் பெறப்படக் கூடாது. சம்மதம் உட்பட உரிய நிபந்தனைகள் நிறைவேறும்வரை வெளிநாட்டுத் தம்பதி பெற்றோரைச் சந்திக்கக் கூடாது. பிள்ளையின் பிறப்பு விபரங்களை அரசு பாதுகாக்க வேண்டும். அதே ஆண்டில் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை, கர்ப்பிணியிடம் காசு கொடுத்துச் சம்மதத் தாள் வாங்குவதையும், தாயாக ஆள்மாறாட்டம் செய்வதையும், பிறப்புப் பதிவைப் பொய்யாக்குவதையும் குற்றமாக்கியது.

தம்பதி ஏன் இங்கே தங்க வேண்டும்?

நீதிமன்றத்துக்கு இருவரும் நேரில் வர வேண்டும் என்பதால் இன்றும் அவர்கள் சில வாரம் இங்கே தங்குகிறார்கள். அலுவலகத் தேதிகளுக்கு நடுவே கழியும் இந்த நாட்கள் பிள்ளைக்கு மிக முக்கியமானவை. சிறுவர் இல்லத்தில் பல பிள்ளைகளோடு படுத்துறங்கிய பிள்ளைக்குத் தனியறை இருட்டு பயம் தரும். சோறும் பருப்பும் தின்ற வாய் புதுச் சாப்பாட்டைத் துப்பும். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், ஊட்டவும் தூக்கவும் அதே இரண்டு கைகள் என்ற ஒழுங்கு இங்கேயே தொடங்கினால், விமானம் இறங்கிய பிறகு வீடும் குளிரும் மொழியும் மாறினாலும் பிள்ளை பிடித்துக்கொள்ள ஒன்று மிஞ்சும். நம் ஊரில் பிள்ளை பிறந்தால் லயமே திரண்டு வந்து தூக்கிக் கொஞ்சும். மகவேற்புப் பிள்ளைக்கோ முதல் மாதங்களில் ஆட்கள் குறைவாக இருப்பதே நல்லது. பெற்றவர் வைத்த பெயரை முழுதாக அழிக்காமல் விடுவதும், தத்துப்பிள்ளை என்பதைச் சிறு வயதிலேயே சொல்லி வளர்ப்பதும் பின்னாளில் பெரிய காயத்தைத் தடுக்கும்.

தோட்டக் குடும்பம் செய்ய வேண்டியவை

பிறப்பைத் தாமதமின்றிப் பதியுங்கள். பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு பாருங்கள். வளர்க்க வழியில்லை என்றால் முதலில் பிரதேச செயலகத்திலுள்ள நன்னடத்தை அல்லது சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடம் போங்கள். தத்துக் கொடுப்பது கடைசி வழி. உங்கள் மொழியில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. பிள்ளையைக் கேட்டுக் காசோடு யாராவது வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். தாயைத் தேடி ஒருவர் வந்தால் ஊர்க்கூட்டம் சேர்க்காதீர்கள். அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லுங்கள், முடிவை அவளிடமே விடுங்கள். படித்து விளங்காத எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.